பேத்தியின் கணக்கு

அன்பின் மச்சானுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி? பனி கொட்ட முதல் ஒப்பரேசன் செய்விப்பதாகச் சொன்னாய். செய்துவிட்டாயா, இல்லை வழக்கம்போல டொக்டருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்துவிட்டாயா?

இங்கே போன கிழமை முழுக்க எங்கள் வீட்டில் வியாபாரக் கதைதான். மூத்தவனின் மகள் தரம் 3. அவளின் பள்ளிக்கூடத்தில் சிறுவர் சந்தை. எங்கள் காலத்தில் இல்லாத சங்கதி. வளவில் விளைகிறதைப் பிள்ளைகள் கொண்டுவந்து முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பி விற்கவேண்டும். வாங்க வருவது தாய்தகப்பன், ரீச்சர்மார், ஊர்ச்சனம். காசு மட்டும் மெய்க்காசு.

இவளின் சரக்கு தேசிக்காய் 40, கறிவேப்பிலை 10 பிடி, ஊர்க்கோழி முட்டை 15. முட்டைக்கு அப்பம்மாவோடு முதல்நாள் இரவே விலை பேசி, விற்ற பிறகு காசு தருவதாகச் சொல்லிக் கடனுக்கு எடுத்தாள். நான் 500 ரூபாய்க்கு இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றிக் கொடுத்தேன். ஒரு கொப்பியில் கோடு கீறி, "விற்றது", "வந்தது", "மிச்சம் குடுத்தது" என்று மூன்று நிரல் போட்டுக்கொண்டு போனாள்.

நான் ஒன்பது மணிக்கே போய்விட்டேன். பாதிக் கடைகளில் பிள்ளை பொம்மை மாதிரி நிற்க, பின்னால் தாய் விலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எதிர்ச் சாக்கில் ஒரு பெடியன் பனங்காய்ப் பணியாரம் விற்றான். பதினொரு மணிக்குச் சட்டியில் அரைவாசிதான் மிச்சம், கல்லாவில் காசைக் காணோம். ரீச்சர் கேட்டதற்கு, "ருசி பாக்காமல் நல்லதெண்டு எப்பிடிச் சொல்லுறது ரீச்சர்?" என்றான். அவன் உருப்படுவான், மச்சான்.

பக்கத்துக் கடைக்காரன் தண்ணீர் குடிக்கப் போனபோது தன் கீரையை இவளிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பத்துப் பிடியையும் விற்றுவிட்டாள். அவன் வந்ததும் ஒன்பது பிடிக்கு எண்ணிக் காசு கொடுத்தாள்.

"மற்றப் பிடி?"

"அது கழிவு."

அவன் அழுதுகொண்டு ரீச்சரிடம் போனான். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோய் 10 கிலோ நிறுத்தால் ஒரு கிலோவைக் கழிவென்று யாவாரி பிடித்துக்கொள்ள, 9 கிலோவுக்குத்தான் காசு வரும் என்று எத்தனை நாள் குசினி வாசலில் நின்று திட்டியிருப்பேன்! கழிவு எடுக்கக்கூடாது என்று கூட்டம் போட்டுச் சொல்லியும் எடுக்கிறவன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். என் வயிற்றெரிச்சலை அவள் வியாபாரப் பாடமாகக் கேட்டு வைத்திருக்கிறாள். கீரைக்காரனுக்குப் பத்தாவது பிடிக் காசும் போய்ச் சேர்ந்தது, அது வேறு கதை.

உனக்கு ஞாபகமா, 1975இல் நாங்கள் செய்த வியாபாரம்? சிறிமா பிரதமராக இருந்த காலம். வெளியிலிருந்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் வராமல், எங்கள் ஊர்க்காரர் கையில் காசு புழங்கிய நேரம். வெங்காயம் கிண்டி முடிந்த தறையில் விடுபட்டதைப் பொறுக்கி, உன் கொம்மாவின் கடகத்தில் போட்டுக்கொண்டு போய் விற்று, வின்சரில் படம் பார்த்துவிட்டு வந்து இரண்டு பேரும் அடி வாங்கினோம். எங்களுக்கு ஒருத்தரும் கொப்பியில் கோடு கீறித் தரவில்லை. அந்தச் சந்தைக்கு வந்து படமெடுக்கவும் ஒருத்தரும் இல்லை.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரதம விருந்தினர் மாலையோடு வந்தார். இவளிடம் 20 ரூபாய்க்கு ஒரு பிடி கறிவேப்பிலை எடுத்து, 500 ரூபாய்த் தாளை நீட்டி, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வைச்சிரு பிள்ளை" என்று நடந்துவிட்டார். இவள் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 480 ரூபாயையும் ஒவ்வொரு தாளாக எண்ணி முடித்து நிமிர ஆளைக் காணோம். காசைப் பொத்திக்கொண்டு சனத்துக்குள்ளால் ஓடினாள். அவர் கன்னத்தில் தட்டிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார். நல்ல மனுசன்தான், தப்பு நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு கிழமையாகப் பழகினது மிச்சக் காசு கொடுக்கத்தான்.

நீ முன்பு எழுதியிருந்தாயே, 2016இல் ஒட்டாவாவில் இரண்டு சிறுமிகளின் எலுமிச்சைத் தண்ணீர்க் கடையை அனுமதி இல்லையென்று மூடச் சொன்னதும், பிறகு மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருடம் பிள்ளைகளுக்கென்றே ஒரு அனுமதித் திட்டம் கொண்டுவந்ததும். அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால், அங்கே அந்தப் பிள்ளைகளைக் கடைக்காரராக மதித்துத்தான் மூடச் சொல்லியிருக்கிறார்கள் போல.

இரவு கணக்குப் பார்த்தாள். எல்லாம் விற்றால் 1200 வரவேண்டும். என் 500ஐயும் அப்பம்மாவின் முட்டைக் காசையும் எடுத்து வைத்த பிறகு 480 கூட நின்றது. "அது உனக்குத்தானே" என்று மகன் சொன்னதற்கு, "நான் அவ்வளவுக்கு விக்கேல்லையே" என்றாள். நாலாவது நிரல் ஒன்று கீறி, "மறந்து விட்டிட்டுப் போன காசு" என்று எழுதினாள். தாள்களைக் கடித உறையில் போட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். என்னை அவரின் வீடு தேடிப்பிடிக்கச் சொல்லித் தினமும் ஆக்கினை. வாற ஞாயிறு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன். அந்த மனுசன் என்ன சொல்லப்போகிறாரோ.

அன்புடன்,
உன் பழைய கடகத்துப் பங்காளி