கோரிக்கை மனு: மழைநீர் வழிந்தோட்டம் தொடர்பான பேரூராட்சி அறிவிப்பை நிறுத்திவைத்து, பள்ளத்தை (ஓடையை) அளந்து மீட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்:
மனுதாரர் (பெயர், கதவு எண், புல எண் ஆகியவை இணைப்பு 1-இல்),
கௌசிகா நதி வடிநிலப் பகுதி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: குடியிருப்பு மழைநீரைப் பொதுச்சாலையில் விடுவதாகக் கூறி எனக்கு வழங்கப்பட்ட அறிவிப்பு – மேட்டிலுள்ள மனைப்பிரிவின் நீர் எங்கள் தெருவுக்குள் திருப்பப்பட்டது – ஓடைப் புறம்போக்கு சுருங்கியது – கூட்டுப் புலத்தணிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: பேரூராட்சி அலுவலக அறிவிப்பு (இணைப்பு 2), நான் அளித்த எழுத்துமூல விளக்கம் (இணைப்பு 3), தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் எனக்குக் கிடைத்த பதில் (இணைப்பு 4).

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பஞ்சாலை ஒன்றின் டைம் ஆபீசில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். 1998-இல் கட்டிய சொந்த வீட்டில் மனைவியுடனும் படுக்கையிலுள்ள என் தாயாருடனும் வசித்து வருகிறேன். எங்கள் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து எனக்கு வந்துள்ள அறிவிப்பில் இரண்டு குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. என் மனையில் விழும் மழைநீரை மனைக்குள்ளேயே தேக்காமல் பொதுச்சாலையில் விடுகிறேன் என்பது முதலாவது. என் வாசலில் கட்டியிருக்கும் முக்கால் அடி உயரக் கல்திட்டு, சாலையில் வரும் நீரின் போக்கைத் தடுக்கிறது என்பது இரண்டாவது. 15 நாட்களுக்குள் திட்டை இடித்துப் புதிய உறிஞ்சுகுழி அமைக்கத் தவறினால், பேரூராட்சியே திட்டை இடித்துச் செலவை என்னிடம் வசூலிக்கும் என்றும் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

விதியை நான் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். அவரவர் மனையில் விழும் மழையை அவரவர் மண்ணிலேயே இறக்க வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-உம் அதையே வலியுறுத்துகின்றன. 2003-லேயே நான் உறிஞ்சுகுழி அமைத்தேன். அப்போது பார்வையிட்ட அலுவலர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்றுவரை வைத்திருக்கிறேன் (இணைப்பு 5). என் வீட்டின் கூரைப்பரப்பு 1,200 சதுர அடி. ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து இறங்குவது சுமார் 5,570 லிட்டர் நீர். கூரைக் குழாய்கள் முதலில் 5,000 லிட்டர் தரைத்தொட்டிக்குச் செல்கின்றன. தொட்டி நிரம்பினால் மிச்சம் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. இரண்டு மூன்று நாள் விடாமல் அடைமழை பிடித்தால் குழியும் நிரம்பி, கொஞ்சம் நீர் வாசல் வழியே வெளியேறுவது உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அறிவிப்பு அந்தக் கொஞ்ச நீரைப் பற்றியது. என் மனு, எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்கு நிற்கும் நீரைப் பற்றியது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எங்கள் தெருவுக்கு வடக்கே இருந்தது முழுவதும் மேட்டாங்காடு. சோளமும் நிலக்கடலையும் மாறிமாறி விதைத்த செம்மண் பூமி. ஒவ்வொரு காட்டுக்கும் வரப்பு இருந்ததால், கோடைமழையோ ஐப்பசி மழையோ, பெய்த நீரில் பெரும்பகுதி உழவு மண்ணிலேயே ஊறிவிடும். மீதமுள்ளது கிளுவை வேலிகளுக்கு நடுவே தாழ்வாகக் கிடந்த இட்டேரி என்னும் வண்டித்தடத்தில் இறங்கி, கிழக்கே திரும்பி, எங்கள் பகுதியில் பள்ளம் என்றே அழைக்கப்படும் ஓடையில் சேரும். பள்ளத்து நீர் ஊர்க்குட்டைக்குப் போகும். குட்டை நிரம்பிய பிறகே மறுகால் பாய்ந்து, குருடிமலையில் தொடங்கி வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் கலக்கும் கௌசிகா நதிக்குப் போகும். இந்த ஒழுங்கை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. நிலத்தின் சரிவை அறிந்தவர்கள் அதற்குக் குறுக்கே எதையும் கட்டாமல் விட்டார்கள், அவ்வளவே.

இப்போது அந்த மேட்டாங்காட்டில் சுமார் 6 ஏக்கர் மனைப்பிரிவாகிவிட்டது. வரப்புகளை மட்டப்படுத்திவிட்டார்கள். இட்டேரி சிமெண்ட் சாலை ஆயிற்று. கிளுவை வேலி போன இடத்தில் மதில் நிற்கிறது. மனைப்பிரிவின் உள்ளே இருபுறமும் வடிகால் அழகாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் அவ்வடிகால்கள் பள்ளத்தைச் சென்றடையவில்லை. எங்கள் தெருவின் தொடக்கத்தில் வாய் திறந்தபடி முடிந்துவிடுகின்றன. மேற்கொண்டு நீர் எங்கே போக வேண்டும் என்று கட்டியவர்களும் யோசிக்கவில்லை, ஏற்றுக்கொண்டவர்களும் கேட்கவில்லை.

கணக்கெழுதியே காலம் கழித்தவன் என்பதால் இதையும் கணக்காகவே தங்கள் முன் வைக்கிறேன். 6 ஏக்கர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர். அது என் கூரையில் விழுவதைப் போல 200 மடங்குக்கு மேல். அங்கே வீடு கட்டுவோர் அனைவரும் விதிப்படி உறிஞ்சுகுழி அமைத்து, தங்கள் மனையில் விழும் கடைசிச் சொட்டையும் மண்ணில் இறக்கிவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மனைப்பிரிவின் சாலைகளும் வடிகால்களும் மீதமிருக்கின்றன. அவை மொத்தப் பரப்பில் கால் பங்கு, அதாவது ஒன்றரை ஏக்கர். சிமெண்ட் தளத்தில் விழும் நீர் ஊறுவதற்கு இடமில்லை. ஆகவே சாலைகளிலிருந்து மட்டும் 3 லட்சம் லிட்டர் எங்கள் தெருவுக்குள் இறங்குகிறது. அச்சாலைகள் இன்று மனைப்பிரிவு அமைத்தவருக்குச் சொந்தமானவை அல்ல. ஒப்புதலின்போது தானப் பத்திரம் மூலம் அவை பேரூராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆகவே என் கூரை நீரைப் போல 50 மடங்குக்கும் மேற்பட்ட நீரைத் தன் சொந்தச் சொத்திலிருந்து பிறர் வாசலுக்கு விடுவது, எனக்கு அறிவிப்பு அனுப்பிய பேரூராட்சியேதான். மனையில் விழுந்த நீரை மனையிலேயே தேக்கு என்று எனக்குச் சொல்லும் அலுவலகம், தன் சாலையில் விழுந்த நீருக்குத் தான் என்ன செய்தது என்பதே இம்மனுவில் நான் எழுப்பும் கேள்வி.

இதை நேரில் தெரிவித்தபோது, மேட்டு நீர் தாழ்வுக்கு வருவது இயற்கை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று எனக்குப் பதில் கூறப்பட்டது. இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-இன் 7-ஆம் பிரிவில் அப்படி ஓர் எடுத்துக்காட்டு இருப்பது உண்மை. மேல்நிலத்தில் விழுந்து, வரையறுத்த கால்வாயில் செல்லாமல், இயற்கையாக ஓடும் நீரைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்க வேண்டும் என்பதே அது. எங்கள் தெருவுக்கு வருவது அத்தகைய நீரன்று. பல காடுகளில் பரவி ஊறியிருக்க வேண்டிய மழையைச் சிமெண்ட் தளத்தில் திரட்டி, கட்டிய வடிகாலில் ஓட்டி, கிழக்கே பள்ளத்துக்குப் போக வேண்டியதைத் தெற்கே எங்கள் வீடுகளுக்குத் திருப்பிவிட்ட பிறகு, அதை இயற்கை என்று எப்படி அழைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

கல்திட்டைப் பற்றியும் கூற வேண்டும். நான் வீடு கட்டியபோது சாலையிலிருந்து இரண்டு படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். அதன் பின் மூன்று முறை சாலை போட்டார்கள். மூன்று முறையும் பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே போட்டார்கள். சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கை இட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தும், அதற்குப் பிறகு போட்ட மூன்றாவது சாலைக்கும் அதைப் பின்பற்றவில்லை. இன்று என் வாசலுக்குச் சாலையிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். கடந்த ஐப்பசியில் ஓரிரவு பெய்த மழையில் தெருநீர் வீட்டுக்குள் புகுந்தது. தாயாரின் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, அரிசி டிரம்மையும் பத்திரப் பெட்டியையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, விடியும்வரை நானும் மனைவியும் நின்றுகொண்டே இருந்தோம். அடுத்த வாரம் கட்டியதுதான் அந்தத் திட்டு. அது என் பட்டா எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சாலையில் ஓர் அங்குலமும் இல்லை. என் திட்டில் மோதிய நீர் எதிர்வீட்டு வாசலை நோக்கிப் போகிறது என்பதையும் அறிவேன். எதிர்வீட்டார் இதுவரை என்னிடம் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் அவர்களை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

பள்ளத்தின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. புலப்படத்திலும் வருவாய்த் துறையின் நிலப்பதிவேடான அ-பதிவேட்டிலும் அது ஓடைப் புறம்போக்கு. படத்தில் அளந்தால் 8 மீட்டர் அகலம் வருகிறது (இணைப்பு 6). களத்தில் இன்று எஞ்சியிருப்பது மூன்று மீட்டருக்கும் குறைவு. சாலை குறுக்கிடும் இடத்தில் முன்பிருந்த தரைப்பாலத்துக்குப் பதிலாக இரண்டடி விட்டமுள்ள ஒரே ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்து மேலே சாலையை உயர்த்தியிருக்கிறார்கள். அக்குழாயின் வாயில் பிளாஸ்டிக் குப்பையும் கட்டட இடிபாடுகளும் அடைத்துக்கொள்வதால், மேலிருந்து வரும் நீர் மட்டுமன்றிப் பள்ளத்து நீரும் பின்வாங்கி எங்கள் தெருவுக்கே திரும்புகிறது. குளம், குட்டை போன்ற பொது நீர்நிலைகள் சமுதாயத்தின் சொத்து, அவற்றைக் காக்க வேண்டியது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் கூறியது. புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வருவாய்த் துறைக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், வெள்ளப் பாதிப்பு குறித்து நீர்வளத் துறை அளித்த தடையின்மைச் சான்றையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். வரைபடத்தின் நகல் கிடைத்தது. அதில் வடிகால்கள் பள்ளம்வரை செல்வதாகவே வரையப்பட்டுள்ளன. தடையின்மைச் சான்று கோப்பில் இல்லை என்று பதில் வந்துள்ளது.

பவானியின் உபரிநீரைக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 17.8.2024 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மூன்று தலைமுறை காத்திருந்து கிடைத்த அத்திட்டத்தை எங்கள் வட்டாரத்தில் கொண்டாடாத வீடு இல்லை. எங்கள் ஊர்க்குட்டை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. குழாயும் மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் தானாகவே அக்குட்டைக்கு ஓடிவந்த நீர்தான் இன்று எங்கள் படுக்கையறைகளில் நிற்கிறது; குட்டையோ சென்ற மார்கழியிலும் பாதிகூட நிரம்பவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்ட இந்த ஊரில் இதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.

எனவே, எனக்கு வழங்கப்பட்ட அறிவிப்பின் மீதான மேல்நடவடிக்கைகளையும், குறிப்பாகக் குடிநீர் இணைப்புத் துண்டிப்பையும், இம்மனு மீது முடிவு எடுக்கப்படும்வரை நிறுத்திவைக்குமாறு பேரூராட்சிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். வருவாய்த் துறை, நில அளவைத் துறை, நீர்வளத் துறை, நகர் ஊரமைப்புத் துறை, பேரூராட்சி ஆகியவற்றின் அலுவலர்கள் ஒரே நாளில் சேர்ந்து வந்து கூட்டுப் புலத்தணிக்கை செய்ய ஆணையிட வேண்டும். தனித்தனியே வந்தால் ஒவ்வொருவரும் மற்றொரு துறையைக் கைகாட்டிவிட்டுப் போவது கடந்த ஆண்டு முழுவதும் நான் கண்ட அனுபவம். பள்ளத்தை அளந்து எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்றி, ஒற்றைக் குழாய்க்குப் பதிலாகப் பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்ற சிறுபாலம் அமைக்கவும், மனைப்பிரிவின் வடிகால்களை ஒப்புதல் வரைபடத்தில் காட்டியபடி பள்ளத்துடன் இணைக்கவும், எங்கள் தெருவை அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழைய அடுக்குகளைப் பெயர்த்தெடுத்து முந்தைய மட்டத்துக்குக் கொண்டுவரவும் ஆவன செய்யப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாலமும் சாலையும் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க நேரிட்டாலும், வடிகால் இணைப்பையும் குழாயின் அடைப்பு நீக்கத்தையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பாகவே முடித்துத் தர வேண்டும்.

என் தரப்பில் இரண்டு உறுதிகளை எழுத்துமூலம் அளிக்கிறேன். அடைமழையில் வழிந்தோடும் என் வீட்டு நீருக்காக இன்னொரு உறிஞ்சுகுழியை என் செலவிலேயே இரண்டு மாதங்களுக்குள் அமைத்துவிடுகிறேன். மனைப்பிரிவின் வடிகால் பள்ளத்துடன் இணைக்கப்படும் அன்றே, எவரும் வந்து கேட்பதற்கு முன் என் வாசல் திட்டை நானே இடித்து அகற்றுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: மேற்கண்ட ஆவணங்களின் நகல்கள், மழை நாளில் எடுத்த 9 நிழற்படங்கள், தெருவாசிகள் 31 பேரின் ஒப்பம்.

நகல்: உதவி இயக்குநர் (பேரூராட்சிகள்), கோயம்புத்தூர், வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர்.