பவளக்கல் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரையிலிருந்து பாம்பன் வரையுள்ள கரையோர ஊர்களில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது, உள்சுவரில் ஓதம் ஏறிப் பொரிந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் கலவை பூசுவது வழக்கமாகிவிட்டது. சில மழைக்காலம் கடந்ததும் அதே சுவர் மறுபடி உப்புப் பூக்கிறது. இம்முறை பூச்சோடு கல்லின் மேல்தோலும் சேர்ந்து பெயர்ந்து விழுகிறது.

இப்பகுதியின் பழைய சுவர்களில் பல, பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. பூச்சு உதிர்ந்த இடத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பவள உயிர்கள் வாழ்ந்த குழிகள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். இத்தனை துளைகள் உள்ள கல், தரையின் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால், நீர் இன்னும் மேலே ஏறி, அதில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லைத் தகர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மழையில்லாத நாளிலும் இச்சுவர்கள் வியர்த்துக் கிடக்கும். அதைக் கூரை ஒழுகல் என்று எண்ணித் தளத்துக்குச் செலவழிப்பவர்கள் உண்டு.

சிமென்டை உளியால் மெதுவாகத் தட்டி எடுத்து, சுவரைச் சில மாதங்களாவது வெறுமையாகக் காயவிட வேண்டும். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மீண்டும் கல்லுக்குள்ளேயே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்டுவதே சரி. உள்ளே தங்கிய உப்பை எடுக்க, நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காய்ந்தபின் உரித்தெடுக்கலாம். ஒரே தடவையில் முடிகிற வேலையன்று. ஆசிட் ஊற்றுவது கூடவே கூடாது, ஏனெனில் பவளக்கல்லே சுண்ணாம்புதான், கரைந்துவிடும். பிறகு, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை ஆற்று மணலோடு குழைத்து, ஒவ்வொரு பூச்சும் இறுகுவதற்கு நேரம் கொடுத்து மெல்லிசாகப் பூச வேண்டும். கடுக்காய், வெல்லம் சேர்ப்பதைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். கடல் மணலையும் உவர்நீரையும் தவிர்ப்பதுதான் அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. மேலே சுண்ணாம்பே அடிக்க வேண்டும், எமல்ஷன் பெயிண்ட் ஆகாது.

போன கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டதால், அவற்றை வெட்டியெடுப்பது குற்றம். அது நியாயமான தடையும்கூட.

வீட்டுக்காரர்களால் மட்டும் தீராத காரணம் ஒன்றுண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல தெருக்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டன. மழைநீர் நேரே சுவரடியில் வந்து தேங்குகிறது. உள்ளாட்சி அமைப்புகள் பழைய தளத்தை அகற்றிய பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்றும், ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தெருக்களில் வீட்டுச் சுவரை ஒட்டி நீர் தேங்காதபடி வடிகால் அமைத்துத் தர வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கீழக்கரை