உப்பும் உரசலும்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள முனிராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளி விலை பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. இங்கே பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளுக்கு ஏற ஆரம்பித்துவிட்டது. கோடை மழை நேரத்துக்குப் பெய்ததால் காய் நல்ல எடை. வீட்டில் எல்லோரும் நலம்.

இனி உன் மகள் காவ்யா விஷயம். உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயமான கிளிப்பர் ரேஸில் கேப் டவுனிலிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் கட்டத்துக்கு அவளுக்கு இடம் கிடைத்திருப்பது பெரிய சந்தோஷம். தங்கச்சி தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கடலே இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளை படகில் என்ன செய்யும் என்றும் கேட்டிருக்கிறாய். பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1996இல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். தொழில்முறைத் தலைவர் இருப்பார், மற்றவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு வரும் சாதாரண ஆட்கள். 70 அடிப் படகு, இருபது பேர் அளவில். ஏறத்தாழ 4,700 கடல் மைல், மூன்று நான்கு வாரம். ஐந்து மாதம் கையில் இருக்கிறது. எதைப் பழக வேண்டும், எது கெடும், ஏன் கெடும் என்று எழுதுகிறேன். கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

மலை மாதிரி ஓர் அலை வந்து படகைப் புரட்டிவிடும் என்பதுதான் தங்கச்சி மனசில் இருக்கும் பயம். அது நடக்காது என்று சொல்ல மாட்டேன். 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் புயலில் ஆறு பேர் இறந்தார்கள். 2018இல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு புரண்டு பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பில் பலத்த அடி. ஆனால் நீண்ட பந்தயத்தில் படகையும் ஆளையும் தினமும் தின்பது உப்பும் உரசலும். கயிறு தேய்கிறது, பாய் தேய்கிறது, தோல் தேய்கிறது, பொறுமை தேய்கிறது. இதை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்கிற கண்தான் அவள் பழக வேண்டியது. தோள் பலம் அதற்கு அடுத்துத்தான்.

நம் அப்பா காலத்தில் மாடு பூட்டி நீர் இறைத்த கவலைக் கிணற்றில் வடம் எங்கே அறும்? உருளை மேல் படுகிற இடத்தில். படகிலும் அதே கதைதான். பாயை ஏற்றிப் பிடிக்கிற கயிறு ஹாலியார்டு. பாய்மரத்தின் உச்சியில் ஒரு சக்கரத்தின் மேல் மடங்கிக் கீழே இறங்கும். படகு ஆடுகிற ஒவ்வொரு முறையும் கயிற்றில் அந்த ஒரே இடம் சக்கரத்தில் உரசிக்கொண்டிருக்கும். பின்காற்றில் ஸ்பின்னேக்கர் என்ற பெரிய மெல்லிய பாயை ஏற்றி நாள்கணக்கில் இறக்காமல் ஓட்டினால், முதலில் மேலுறை கிழியும், பிறகு உள்ளிழை அறும். பாய் முழுக்கத் தண்ணீரில் விழுந்து படகுக்கு அடியில் போய்ச் சுருளும். கிழியாமல் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். தடுக்கும் வழியோ ரொம்பச் சின்னது. வாட்ச், அதாவது வேலை முறை, மாறும்போதெல்லாம் ஹாலியார்டை நான்கு விரற்கடை தளர்த்தவோ இறுக்கவோ வேண்டும். உரசும் இடம் மாறிவிடும். இதை மறக்காத ஒரு ஆள் படகில் இருந்தால் போதும். அந்த ஆள் காவ்யாவாக இருக்கட்டும்.

பகலில் ஒரு தடவை படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும். பாய் எங்கே கம்பியில் படுகிறது, எந்தப் பின்னில் சுற்றிய டேப் பிரிந்திருக்கிறது, எந்தத் திருகு கழன்றிருக்கிறது, தளத்தில் அநாதையாக ஒரு நட்டோ வாஷரோ கிடக்கிறதா என்று பார்ப்பது. அப்படி ஒரு நட்டு கண்ணில் பட்டால், அது எங்கிருந்து விழுந்தது என்று தெரியும்வரை யாரும் உட்காரக் கூடாது.

பாய் கிழிந்தால் உள்ளே கொண்டுபோய்த் தைப்பார்கள். கிழிசலைச் சுற்றி முதலில் நன்னீரால் துடைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுசாகக் காயவிட வேண்டும். உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பசை பிடிக்காது. ஒட்டுத்துணியின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலை விட்டால் காற்று அங்கிருந்துதான் உரிக்க ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஒட்டி, ஓரத்தில் ஜிக்ஜாக் தையல். நேர்த்தையல் வேண்டாம், துணி இழுபடும்போது நூல் நெகிழ்ந்து கொடுக்காமல் அறுந்துவிடும். தங்கச்சியின் மிஷினில் இதை உட்கார்ந்து பழகட்டும். படகில் தைக்கத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை.

அடுத்தது ரீஃப், அதாவது காற்று ஏறும்போது பெரிய பாயின் பரப்பைக் குறைப்பது. மணிக்கு 20 கடல் மைல் காற்று 30 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பாய் மேல் விழும் விசை இரண்டேகால் மடங்கு. அதனால்தான் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்ட படகுகள் அடிவாங்குகின்றன. வரிசை இதுதான்: பெரிய பாயின் அடியோரத்தில் இருக்கும் பூம் என்ற கட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங்கையும், பாயை உள்ளே இழுக்கும் மெயின் ஷீட் கயிற்றையும் தளர்த்து. ஹாலியார்டில் போட்டிருக்கும் அடையாளம் வரை பாயை இறக்கு. பாயின் முன்னோர வளையத்தைக் கொக்கியில் மாட்டு. ஹாலியார்டை மறுபடி இறுக்கு. அதற்குப் பிறகுதான் பின்பக்க ரீஃப் கயிற்றை வின்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையில் சுற்றி, பாயின் பின்மூலை பூமில் உட்காரும்வரை இழுக்க வேண்டும். கடைசியில் வாங், ஷீட். இந்த வரிசை மாறினால்தான் வினை. வாங்கைத் தளர்த்தாமல் ரீஃப் கயிற்றை இழுத்தால் ஒன்று மேலே இழுக்க மற்றொன்று கீழே இழுக்கும், நடுவில் பாய் கிழியும். கயிறு வரவில்லையென்றால் வின்ச்சில் இன்னும் பலம் போடக் கூடாது. நிறுத்தி, டார்ச் அடித்து, எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தொங்கும் துணியின் மடிப்பு கயிற்றோடு கப்பிக்குள் போயிருக்கும்.

வின்ச்சில் கயிறு வலஞ்சுழியாக மூன்று நான்கு சுற்று. கை எப்போதும் வின்ச்சிலிருந்து ஒரு முழம் தள்ளி, கட்டைவிரலை உள்ளே நுழைக்காமல் முஷ்டியாக. சுற்றின் மேல் சுற்று ஏறிப் பூட்டிக்கொண்டால் விரலால் பிரிக்கப் போகக் கூடாது. இன்னொரு கயிற்றை ரோலிங் ஹிட்ச் முடிச்சால் அதன் முன்பகுதியில் கட்டி, வேறு வின்ச்சில் இழுத்து, பாரத்தை இறக்கிவிட்டுப் பிரிக்க வேண்டும். போலைன், க்ளோவ் ஹிட்ச், ரோலிங் ஹிட்ச், எட்டு முடிச்சு, இந்த நான்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வர வேண்டும். ஏனென்றால் அவள் போடப்போவது இருட்டில், ஈரக் கையுறையோடு.

இனி தங்கச்சி கேட்க வேண்டிய பகுதி. உடம்பில் ஹார்னஸ் என்ற வார்க்கச்சை, அதிலிருந்து டெதர் என்ற இரண்டு மீட்டர் பட்டை, அதன் முனையில் கொக்கி. தளத்தின் இரு ஓரமும் முன்னிருந்து பின்வரை ஜாக்லைன் என்ற பட்டை ஓடும். படிக்கட்டில் நிற்கும்போதே கொக்கியை மாட்டிவிட்டுத்தான் மேலே கால் வைக்க வேண்டும். இறங்கும்போது உடம்பு உள்ளே வந்த பிறகுதான் கழற்ற வேண்டும். நடக்கும்போது காற்று வரும் பக்கமாகவே நடக்க வேண்டும், விழுந்தாலும் தளத்திலேயே விழலாம். நின்று வேலை செய்யும் இடத்தில் ஒரு மீட்டர் குட்டைப் பட்டையைப் பயன்படுத்த வேண்டும், நீளப் பட்டையில் ஆள் தண்ணீருக்குள் இழுபட வாய்ப்பு உண்டு.

மாட்டினால் மட்டும் போதாது. 2017 நவம்பரில் இதே பந்தயத்தில் ஒருவர் தென்கடலில் விழுந்தார். கொக்கி மாட்டித்தான் இருந்தார். அந்தக் கொக்கி தளத்தில் கயிறு கட்டும் ஒரு கிளீட்டுக்கு அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து திறந்துகொண்டது. அவரைத் திரும்பப் படகில் ஏற்றினார்கள், உயிர் பிழைக்கவில்லை. நேர் இழுவைக்குச் செய்த கொக்கி குறுக்கு இழுவையைத் தாங்காது. அதனால் மாட்டிய பிறகு ஒரு நொடி குனிந்து, கொக்கி பட்டையோடு தாராளமாக ஓடுகிறதா, எதிலாவது மாட்ட வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால்? படகு மணிக்கு 10 கடல் மைல் ஓடுகிறது என்றால் ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் தாண்டிவிடும். அலைக்கு நடுவே தெரிவது ஒரு தலை மட்டும். பார்த்தவர் கத்த வேண்டும், விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும், வேறெதற்கும் கண்ணை எடுக்கக் கூடாது. இன்னொருவர் மிதவையை எறிவார், ஒருவர் ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பதிய பட்டனை அழுத்துவார், சுக்கான் பிடிப்பவர் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவார். எஞ்சினைப் போடுமுன் தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்தாக வேண்டும், சுழலியில் சுற்றினால் எல்லாம் முடிந்தது. குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, பத்து நிமிடத்துக்குப் பிறகு கை விரல் சொன்னபடி கேட்காது. ஆகவே விழுந்தவர் முதலில் செய்ய வேண்டியது நீந்துவதல்ல, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சை அடக்கி நிதானப்படுத்துவது. லைஃப் ஜாக்கெட்டின் தொடைப் பட்டை கட்டியிருந்தால்தான் ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறாமல் இருக்கும். அசௌகரியம் என்று அதைக் கட்டாமல் விடுவோர் உண்டு. காவ்யா விடக் கூடாது.

தூக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், தவறுகள் பிறப்பதே அங்கேதான். ஆட்கள் இரண்டு அணி. பகலில் ஆறு மணி நேரம் ஆறு மணி நேரமாக இரண்டு வாட்ச், மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை நான்கு மணி நேரமாக மூன்று. மொத்தம் ஐந்து என்பதால் ஒரு நாள் நள்ளிரவு வாட்ச் பார்த்த அணிக்கு மறுநாள் அது வராது. நான்கு மணி ஓய்வு என்றால் தூக்கம் மூன்று மணிதான் தேறும். சாய்ந்து ஆடும் படகில் சட்டை, மேலுறை, பூட்ஸ், ஹார்னஸ் எல்லாம் போடக் கால் மணிக்கு மேலாகும். இரவு இரண்டு மணி வாட்ச்சுக்கு ஒன்றரைக்கு எழுப்புவார்கள். எழுந்தவள் கால் தரையில் படும்வரை எழுப்பியவர் நகரக் கூடாது. ஐந்து நிமிடம் தாமதமாக மேலே போனால் அது நனைந்து நிற்கும் இன்னொருவரின் தூக்கத்திலிருந்து திருடிய ஐந்து நிமிடம். சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். படுக்கும்போது கால் படகின் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். படகு எதிலாவது மோதி நின்றால் காலால் தாங்கலாம், தலை தப்பும்.

சாப்பாடு: நாளுக்கு ஒரு பை என்று கரையிலேயே கட்டி வைத்துவிடுவார்கள். குளிரில் ஆளுக்கு 4,000 கலோரிக்கு மேல் வேண்டும், பசி இல்லாவிட்டாலும் தின்ன வேண்டும். அடுப்பு படகோடு சாயாமல் தானாக ஆடி நிற்கும். ஆனாலும் சமைப்பவர் மழைக்கால்சட்டை போட்டுத்தான் நிற்க வேண்டும், கொதிநீர் சிந்தினால் தோல் பிழைக்கும். டம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும். மூடி பூட்டுகிற குக்கர் இருந்தால் அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. நம் ராகி மாவை வறுத்து, பனைவெல்லத் தூளும் பால்பவுடரும் சேர்த்துக் கொடுத்தனுப்பு. நள்ளிரவில் வெந்நீரில் கரைத்துக் குடிக்க அதற்கு ஈடில்லை, மற்றவர்களும் கேட்டு வாங்குவார்கள்.

முதல் மூன்று நாள் வாந்தி வரும், அதற்காகப் பயப்பட வேண்டாம். மாத்திரையைக் கரையில் முந்தின இரவே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு வயிற்றில் தங்காது. எது ஒத்துக்கொள்கிறது என்று டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும், சில மாத்திரைகள் கடுமையாகத் தூங்கவைக்கும். குளிர், பசி, தாகம், களைப்பு நான்கும் வாந்தியைக் கூட்டும். மேலே வந்து சுக்கானைப் பிடித்து அடிவானத்தைப் பார்த்தால் பலருக்கு அடங்கிவிடும். முடியாவிட்டால் மல்லாந்து படுத்துக் கண்ணை மூட வேண்டும்.

தோல் விஷயத்தில் கூச்சம் பார்க்க வேண்டாம் என்று தங்கச்சியே அவளிடம் பேசட்டும். உப்பில் நனைந்த துணியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பின்புறமும் தொடையும் கொப்புளம் கொப்புளமாகிவிடும். பருத்தி உள்ளாடை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை. வாட்ச் முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, ஜிங்க் களிம்பு தடவி, உலர்ந்த உடுப்போடுதான் படுக்க வேண்டும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இந்த ஐந்து நிமிடம் கட்டாயம்.

பெண்ணால் முடியுமா என்று உன் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். அவரிடம் இதைச் சொல். நம் கடற்படையின் தாரிணி 56 அடிப் படகு. 2017–18இல் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய போது அதில் இருந்தது தில்னா, ரூபா என்ற இருவர் மட்டும். ரூபா புதுச்சேரிக்காரர். இரண்டும் பந்தயம் இல்லை, ஆனால் கடல் அதே கடல்.

இந்த ஐந்து மாதத்துக்கு: ஒகேனக்கலில் நீந்திப் பழகுகிறேன் என்று கிளம்பினால் விடாதே, அந்தச் சுழலில் பழக ஒன்றுமில்லை. குளத்தில் உடுப்போடு நீந்திப் பழகட்டும். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, 1911இல் தொடங்கியது. அங்கே விசாரித்துச் சிறு படகில் கொஞ்ச நாள் ஓட்டினால் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதைக் கன்னத்தாலேயே உணரப் பழகிவிடும். தொடைக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சி, கைப்பிடிக்குக் கயிறு இழுத்தல். இந்த மாதமே பல் டாக்டரிடம் காட்டு. சொத்தை இருந்தால் இப்போதே அடைத்துவிட வேண்டும், நடுக்கடலில் பல்வலி வந்தால் கரை சேர இரண்டு வாரம் ஆகலாம். கண்ணாடி போடுகிறாள் என்றால் இன்னொரு ஜோடி, கழுத்தில் மாட்டும் கயிறோடு. மீதியை அவள் கேட்கக் கேட்க எழுதுகிறேன்.

அன்புடன்,
திம்மராயன்