நாற்பது நொடிக்கு அனுமதி கேட்டு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம். ஜூன் மாதத்திலிருந்து இடைவேளைதோறும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு விளையாட்டில் சேரக் கற்றுக்கொடுக்க, பள்ளி மைதானத்தில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அவனுக்குக் காட்ட செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அனுமதி கேட்டேன். அங்கே நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. "வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் பையன் இப்படி ஆகிவிட்டான், அதைப் பள்ளிக்கும் கொண்டுவருகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தீர்கள். அன்று எனக்கு வாய் எழவில்லை.

அவன் பிள்ளைகளைத் தள்ளுகிறான் என்பதுதானே புகார்? பெஞ்சிலிருந்து நான் பார்ப்பதைச் சொல்கிறேன். வேப்பமரத்தடியில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இவன் பத்தடி தள்ளி நின்று, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பார்ப்பான். திடீரென்று ஓடிப்போய் ஒருவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவான். "என்னையும் சேர்த்துக்கொள்" என்பதை அவன் அப்படித்தான் சொல்கிறான். திருப்பி அடி விழும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பான். அது விளையாட்டில்லை என்று புரிவதற்குள் மணி அடித்துவிடும்.

வாயால் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் விழுவது அவனிடம் நிற்பதில்லை, கண்ணில் பட்டது நிற்கிறது. கோடை விடுமுறையில் அக்கா மகனை வைத்து நாற்பது நொடி வீடியோ எடுத்தேன். கையெட்டும் தூரத்தில் நிற்கிறான், "நானும் வரட்டுமா?" என்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான், "வா" என்றதும் ஓடுகிறான். தினமும் அதைக் காட்டிவிட்டு உடனே மொட்டைமாடிக்கு விளையாட அழைத்துப் போவேன். பன்னிரண்டாம் நாள் என் மகன் தானாகவே கேட்டான், அக்கா மகன் சொல்லை இழுப்பதுபோலவே இழுத்து!

மாடியில் வந்தது மைதானத்தில் வரவில்லை. அவனுக்கு அது வேறு இடம், வேறு பிள்ளைகள். அதனால்தான் அதே வேப்பமரத்தடியில், வகுப்புப் பிள்ளைகள் இருவரை வைத்து எடுக்கக் கேட்கிறேன். அவர்களின் அம்மாக்கள் சம்மதித்துவிட்டார்கள்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து குழந்தைகளிடம், நேரில் செய்துகாட்டுவதையும் வீடியோவில் காட்டுவதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீடியோவில் கண்டதுதான் சீக்கிரம் படிந்தது.

கைபேசிக்குத் தடை என்கிறீர்கள். ஆண்டு விழாப் பதிவை ஸ்மார்ட் போர்டில் ஒரு மணி நேரம் ஓட்டியபோது எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. ஏப்ரல் 2, ஆட்டிச விழிப்புணர்வு நாளில் எல்லோரும் நீல உடையில் நின்று, என் மகனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தீர்களே, அதற்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. வாசலில் சாய்தளம் கட்டியதோடு அந்தச் சட்டம் முடிந்துவிடுகிறதா?

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போய்விட்டது. ஒரு சனிக்கிழமை கால் மணி நேரம் மைதானத்தில் எடுக்க விடுங்கள். இடைவேளைக்கு முன் ஒருமுறை அவனுக்குக் காட்ட விடுங்கள். என் கைபேசி கூடாதென்றால் ஆசிரியரின் கைக்கணினியிலேயே காட்டலாம். தயவுசெய்து இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். கடிதமாக வேண்டாம். இடைவேளையில் நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்