டர்பன் குழந்தைகள் இல்லங்களுக்கு இளைஞர்களை அனுப்ப நினைக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் கோயில் இளைஞர் அணியினருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள குழந்தைகள் இல்லங்களில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளர்களும் பராமரிப்பாளர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். "எங்கள் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் வந்து அனாதைக் குழந்தைகளோடு இருக்கட்டுமே" என்று கேட்கிறீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

இந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள். வீட்டில் அடி உதை, குடி, பட்டினி, கவனிக்க ஆளில்லாமை என்று ஏதோ ஒரு காரணத்தால் குழந்தைகள் நீதிமன்றம் அவர்களை இங்கே அனுப்புகிறது. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டப்படி அந்த உத்தரவு பொதுவாக இரண்டு ஆண்டு வரைதான் செல்லும். பிறகு நீதிமன்றம் மறுபடி பார்க்க வேண்டும். பிள்ளையைச் சொந்த வீட்டுக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலையின் குறிக்கோள். டிசம்பரில் முடிந்தவரை எல்லாரையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறோம். போக இடமில்லாமல் மிஞ்சும் பிள்ளைகள் ஏற்கெனவே வாடிப்போய் இருப்பார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் குழு வந்து இறங்குகிறது.

கேட்டைத் திறந்ததும் நாலு வயதுக் குழந்தை ஓடிவந்து முன்பின் தெரியாதவரின் முழங்காலைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறும், கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு "நீங்க எப்போ போவீங்க?" என்று கேட்கும். வந்தவருக்குக் கண் கலங்கும், படம் எடுப்பார். வீட்டில் ஒழுங்காக வளரும் நாலு வயதுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளியும். யாரிடமும் ஓடுகிற பிள்ளை, பல கைகள் மாறி மாறித் தூக்கிக் கீழே விட்ட பிள்ளை. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லிண்டா ரிக்டர், ஏமி நார்மனுடன் சேர்ந்து 2010-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எச்சரித்தார்: குறுகிய காலத் தன்னார்வலரோடு ஏற்படும் பிணைப்பும் உடனே வரும் பிரிவும், ஏற்கெனவே பிரிவைக் கண்ட சிறு குழந்தைகளை மேலும் காயப்படுத்தும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு படுக்கை நனையும், சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கும், அந்தக் குழந்தை பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும். இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒரு பெண்தான் அதையெல்லாம் சமாளிக்க வேண்டும்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூங்க வைப்பது மூன்றும் நிரந்தரப் பராமரிப்பாளர் மட்டுமே செய்ய வேண்டியவை. எவ்வளவு நல்லவர் வந்தாலும் விதிவிலக்கு கிடையாது.

நீண்ட காலம் தங்கி வேலை செய்யத் தயாரான ஆள் இருந்தால் சட்டப் பக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலரும் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியல்) பெயர் இல்லை என்று உறுதிசெய்த பிறகே பிள்ளைகளோடு இருக்கலாம். அதற்கு இல்லம் உரிய படிவத்தை நிரப்பிச் சமூக வளர்ச்சித் துறைக்கு அனுப்பும். பதில் வர வாரக்கணக்கில் ஆகும், டிக்கெட் போட்டபின் தொடங்கினால் நடக்காது. இது போக, உங்கள் நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். தன்னார்வப் பணிக்குத் தனி விசாப் பிரிவு இருக்கிறது, இல்லத்தின் கடிதம் இல்லாமல் அது கிடைக்காது. இவை எதையும் கேட்காமல் "உடனே வாருங்கள்" என்று பணம் வாங்கும் இல்லமோ ஏஜென்ட்டோ இருந்தால் விலகிவிடுங்கள். உங்களைச் சோதிக்காதவர் வேறு யாரையும் சோதித்திருக்க மாட்டார்.

இன்னொரு கடமையும் சேர்ந்தே வருகிறது. அதே குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு இல்லத் தன்னார்வலரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நியாயமாகத் தோன்றினால் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ சமூக வளர்ச்சித் துறையிடமோ போலீசிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். எங்கே சொல்வது என்று தெரியாதபோது சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 116.

படங்கள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். நீதிமன்ற வழக்கில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் அனுமதியின்றி வெளியிடுவதை அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது. பள்ளிச் சீருடை, இல்லத்தின் பெயர்ப்பலகை, பின்னால் தெரியும் தெரு எல்லாம் அடையாளம்தான். அடித்த தகப்பனிடமிருந்து ஒளித்து வைத்த பிள்ளை இருக்கும் இடம் ஒரு ஃபேஸ்புக் படத்தால் அவனுக்குத் தெரிந்துவிடலாம்.

எல்லாப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள் என்றும் நினைக்க வேண்டாம். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து இல்லங்களிலும் ஜூலு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்திய வம்சாவளிப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவார்கள். சமூகப் பணியாளரைக் கேட்காமல் யார் நெற்றியிலும் திருநீறு பூசாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பம் கடைப்பிடிக்கும் மதம் ஒன்று இருக்கிறது.

சரி, உதவவே முடியாதா? நிறையவே முடியும். எங்களுக்கு மிகவும் தட்டுப்பாடானது மாறாத முகம். 2025 மார்ச்சில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக (தென்னாப்பிரிக்க நாணயம்) இருந்தது. வாரம் 45 மணி நேரம் என்றால் அந்தக் கணக்கில் நாலு வாரத்துக்கு 5,000 ரேண்டுக்குச் சற்று மேல். பராமரிப்பாளருக்கு இதற்கு மேல் கொடுத்தால்தான் நிலைப்பார். துபாய் வழியாக ஒரு இளைஞர் வந்து போகும் டிக்கெட் விலையை இதோடு வைத்துப் பாருங்கள். இருபது டிக்கெட் பணத்தில் ஒரு பராமரிப்பாளர் அம்மாவை வருடக்கணக்கில் அதே பிள்ளைகளோடு இருக்க வைக்கலாம்.

அனுபவமுள்ள சிறப்பாசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ இருந்தால் எங்கள் பணியாளர்களுக்கு வீடியோவில் வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் பாடம் எடுக்கட்டும். பிள்ளைகளுக்கு நேரடியாகச் சிகிச்சை தர இங்குள்ள சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு வேண்டும். பணியாளருக்குச் சொல்லித் தந்தால் அது பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேரும்.

பொருளாகத் தருவதென்றால் கரடி பொம்மை வேண்டாம், அலமாரி நிறைந்து கிடக்கிறது. இங்கே பள்ளி ஜனவரியில் திறக்கிறது. அப்போது தேவைப்படுவது கறுப்பு ஷூ, சாம்பல் நிறக் காலுறை, பள்ளி கொடுக்கும் பட்டியல்படி நோட்டும் அட்டையும். நவம்பரிலேயே பணமாக அனுப்பினால் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போய் காலில் போட்டுப் பார்த்து வாங்குவோம்.

உள்ளூர்க் கோயில்கள் வழியாக அன்னதானம் செய்ய விரும்புகிறவர்கள் சமைத்த சோற்றை அனுப்ப வேண்டாம். டிசம்பர் டர்பனில் கொளுத்தும் கோடை. சாம்பார் சாதம் வேனில் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன் என்று கொடுங்கள். சமையலை எங்கள் அடுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

எந்த இல்லத்துக்கு எழுதினாலும் பதிவுச் சான்றிதழின் நகலை முதலில் கேளுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். கடைசியாக எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் இல்லத்துக்கு உங்கள் பணத்தை அனுப்புங்கள்.

அன்புடன்,
டர்பன் பகுதிக் குழந்தைகள் இல்லப் பணியாளர்கள்