ஓ.பி. நேரத்தில் ஓடாத சர்வருக்கு முழுப் பணமா?

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை மென்பொருளைத் தனியார் நிறுவனத்திடம் விடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஒப்பந்தத்தை எழுதும் விதத்தில்தான் சிக்கல்.

'மாதத்தில் 99 சதவீத நேரம் சர்வர் இயங்க வேண்டும்' என்று டெண்டரில் ஒரு வரி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 30 நாளுக்கு 720 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 7.2 மணி. ஓ.பி. எனும் வெளிநோயாளிப் பிரிவு காலை 7.30 முதல் 12 வரை என்றால் நாலரை மணி நேரம். ஆக, ஒரு திங்கட்கிழமை காலை முழுக்கவும் அடுத்த திங்களில் பாதிக்கு மேலும் சர்வர் படுத்தாலும் ஒரு ரூபாய் பிடித்தம் கிடையாது. நள்ளிரவில் சும்மா ஓடிய நேரம் சரிக்கட்டிவிடும். ஓ.பி. நேரத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அதையும் சர்வரில் அளக்காமல் கவுன்டரில் அளக்க வேண்டும்: நோயாளியின் பதிவு எண்ணைத் தட்டியதிலிருந்து சீட்டு அச்சாகும் வரை எத்தனை நொடி? சர்வர் நன்றாக இருக்கும், நெட் இழுக்கும், பிரின்டரில் ரோல் தீர்ந்திருக்கும். வரிசையில் நிற்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

பதிவு எண்ணிக்கைக்குப் பணம் தராதீர்கள். தேடல் மெதுவானால் ஊழியர் பழைய எண்ணைத் தேடமாட்டார், புது எண் போட்டு அனுப்பிவிடுவார். ஒரே சர்க்கரை நோயாளிக்கு நாலு எண். நிறுவனத்துக்கோ நாலு பதிவுக்கு வரவு. லேப் முடிவு அன்றே மருத்துவரின் திரைக்கு வந்ததா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்.

இங்கிலாந்து 2002இல் தொடங்கிய தேசிய மருத்துவக் கணினித் திட்டத்தில் நாட்டை ஐந்து மண்டலமாகப் பிரித்துப் பெருநிறுவனங்களிடம் கொடுத்தார்கள். 2006இல் அக்சென்ச்சர் விலகியது. 2008இல் புஜித்சு ஒப்பந்தம் முறிந்து, தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2011இல் திட்டத்தையே கலைப்பதாக அரசு அறிவித்தது. நிறுவனம் போகும் நாளையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

எனவே முதல் ஆண்டிலேயே முழுத் தரவையும் வாங்கி, அவர்கள் உதவியில்லாமல் வேறு சர்வரில் ஏற்றிப் பாருங்கள். பிடிஎஃப் குவியல் உதவாது. குறியீடுகளின் பொருளும் எழுத்தில் வேண்டும்: 'நிலை 3' என்றால் நோயாளி இறந்தாரா, மேல்சிகிச்சைக்குப் போனாரா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கியபோது எல்லாம் கைச்சீட்டுக்குத் திரும்பியது. மீட்டுப் பார்த்த நகல் இப்படிப்பட்ட நாளுக்கும் கைகொடுக்கும்.

இந்தச் சோதனை தேறும் வரை ஆண்டுத் தொகையில் 10 சதவீதத்தையாவது நிறுத்தி வையுங்கள். தேறியதாகக் கையெழுத்திடுபவர் அரசு ஊழியராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கணினிப் பணியில் இருப்போர்