தனிச்சிறப்பா, விதிவிலக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கா சரிந்துவருகிறதா என்ற கேள்வியை முன்வைத்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அந்நாடு வாழ்ந்து கெட்ட குடும்பமாகிவிட்டது என்று ஒருவரும், யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். கெட்டதைச் சொன்னவர் வாழ்ந்தது எந்த ஆண்டில் என்பதைச் சொல்லவில்லை. யானையைச் சொன்னவர் அதன் உடம்பில் என்ன நோய் என்று பார்க்கவில்லை.

வாழ்ந்த காலம் என்று பெரும்பாலோர் மனத்தில் கொள்வது 1945-ஐ அடுத்த ஆண்டுகளைத்தான். ஐரோப்பாவின் தொழில் நகரங்களும் ஜப்பானின் துறைமுகங்களும் குண்டுவீச்சில் இடிந்து கிடந்த அந்நாளில், உலகத் தொழில் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அமெரிக்காவின் கையில் இருந்தது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் எரிந்து கிடக்கும்போது ஒரு வீடு மட்டும் உயரமாகத் தெரிவதில் வியப்பில்லை. மற்றவர்கள் எழுந்து நின்றால் அந்தப் பங்கு குறையத்தான் செய்யும். 1948-இல் மார்ஷல் திட்டத்தின் வழியே மேற்கு ஐரோப்பா எழுவதற்குப் பணம் கொடுத்ததும் அமெரிக்காதான். 1980 வாக்கில் உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் கால் பங்கு அளவில் இருந்த அந்நாடு, இடையில் ஏறியும் இறங்கியும், இன்றும் ஏறக்குறைய அதே கால் பங்கில்தான் நிற்கிறது. பணத்தை வைத்துச் சரிவைக் காட்ட முயல்பவருக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்காது.

சரிவு பற்றிய அச்சமும் அங்கே புதிதன்று. 1957-இல் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியபோதும், 1971-இல் அதிபர் நிக்சன் டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவதை நிறுத்தியபோதும், 1979-இல் அதிபர் கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டின் தன்னம்பிக்கை நலிந்துவருவதாகப் பேசியபோதும், 1989-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் மையம் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனபோதும் இதே விவாதம் நடந்தது. இவற்றுள் முதலாவதை நான் வகுப்பில் சற்று விரித்தே சொல்வதுண்டு. ஏனெனில் அந்த அச்சம் அடுத்த ஆண்டே நாசாவாகவும், அறிவியல், கணிதம், அயல்மொழிகள் ஆகியவற்றின் கல்விக்கு மத்திய அரசு நிதி வழங்கும் சட்டமாகவும் உருவெடுத்தது.

நோய் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவரின் சராசரி ஆயுள் 2014-இல் 78.9 ஆண்டுகளாக இருந்து, போதைமருந்து மரணங்களாலும் பின்னர் கொரோனாவாலும் 2021-இல் 76.4 ஆகக் குறைந்தது. 2023-இல் அது 78.4-க்கு மீண்டபோதும், ஜப்பானின் 84-க்கு அருகில் வரவில்லை. நாட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவிடும் நாட்டின் நிலை இது. பக்கத்திலேயே இருக்கும் கனடா அரசுக் காப்பீட்டைக் கொண்டு எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்துக் கற்பதற்குக் கடவுச்சீட்டுகூடத் தேவையில்லை. ஆயினும் 'நாம் பிறரைப் போல அல்ல' என்ற எண்ணம் அங்கே குறுக்கே வந்து நிற்கிறது.

அந்த எண்ணத்துக்கு ஆங்கிலத்தில் எக்ஸெப்ஷனலிசம் (exceptionalism) என்ற ஒரே பெயர் போதும். தமிழில் எழுதும்போதோ, தனிச்சிறப்பு என்பதா, விதிவிலக்கு என்பதா என்று நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தங்கள் கட்டுரையாளர் முதல் பத்தியில் ஒன்றையும் கடைசிப் பத்தியில் மற்றதையும் எழுதியிருந்தார். கைத்தவறுதலாக இருக்கலாம், ஆனால் வழக்கே அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1630-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன குழுவின் தலைவர் ஜான் வின்த்ரப், தம்முடன் குடியேற வந்தவர்களிடம், மலைமேல் இருக்கும் நகரத்தைப் போல நாம் இருப்போம் என்றார். அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கும், கடவுளுக்குக் கொடுத்த வாக்கில் தவறினால் உலகம் நம்மைப் பழிச்சொல்லாகப் பேசும் என்பதே அவருடைய எச்சரிக்கை. பின்னாளில் அதிபர் ரீகன், ஒளிரும் நகரம் என்று சொல்லி அந்த நகரத்துக்கு ஒளியைச் சேர்த்தார், எச்சரிக்கை நழுவிப்போயிற்று. 1963-இல் லிங்கன் நினைவகத்தின் முன் நின்ற மார்ட்டின் லூதர் கிங், நாட்டை நிறுவியவர்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிப் பத்திரத்துக்கு உரிய பணத்தைக் கேட்டுத்தான் பேசினார். 1964, 1965 ஆண்டுகளின் குடிமை உரிமைகள் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்தன. ஆண்டுக்கு நூறு இந்தியர் என்று 1946-இல் வைத்திருந்த குடியேற்ற வரம்பை நீக்கிய சட்டமும் அதே 1965-இல் பிறந்ததுதான். நம் பிள்ளைகள் பலர் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். இதைத் தனிச்சிறப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1995-இல் கையெழுத்திட்டுவிட்டு, இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யாத ஒரே ஐ.நா. உறுப்பு நாடாக நிற்பதும், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வெளியே நின்றுகொண்டு பிறரை அங்கே நிறுத்தவேண்டும் என்று பேசுவதும் வெறும் விதிவிலக்கு. பிரிட்டானியரும் கிரேக்கரும்கூடத் தங்கள் நாட்டை இப்படித்தான் நினைப்பார்கள் என்று ஒபாமா 2009-இல் சொன்னதற்காக உள்நாட்டில் அவர் பட்ட பாடு, எந்தப் பொருள் அங்கே மேலோங்கிவிட்டது என்பதைக் காட்டியது. 2025-இல் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஆய்வு மானியங்கள் நிறுத்தப்பட்டன. வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்1பி விசாவில் ஆள் எடுக்க ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. 1957-இன் அச்சம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கியது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும்.

கட்டுரையாளர் இந்தப் பொருளில் மீண்டும் எழுதுவதாக இருந்தால், விமானந்தாங்கிக் கப்பல்களின் எண்ணிக்கையோடு ஆயுள் கணக்கையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு சொற்களில் எதைப் பற்றி எழுதுகிறார் என்பதை முதலிலேயே தெளிவாக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.